ஒரு ஜோடிக் கைப்பட்டையும் ஓர் அறை ஏலக்காயும்

போடிமெட்டிலிருந்து இறங்கும் ரோட்டில் பாதி தூரம் வந்திருந்தேன். மேலே ஏதோ ஒரு வளைவில் ஜீப்புச் சத்தம் கேட்டது. தடுப்புச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். அன்றைக்கு அது நாலாவது தடவை. ஜீப்பு வந்தது, போனது. உள்ளே வேலை முடிந்து போடிக்குத் திரும்பும் பெண்கள். எங்கள் தோட்டத்துச் சூப்பர்வைசர் இல்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, என்னைத் தேடி எதற்கு வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அடுத்த வண்டி. மறுபடியும் சுவரைத் தாண்டினேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் மெட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் டீக்கடையில்தான் சூப்பர்வைசர் மத்தியானத்துக்கு மேல் உட்கார்வார். அதனால் அந்தக் கடைக்குப் பின்பக்கமாகச் சுற்றி ரோட்டைப் பிடித்து நடந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுச் சட்டை, கைலி, சாப்பாட்டுத் தட்டு, ஒரு ஜோடிக் கைப்பட்டை. கைப்பட்டையைப் போடியில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கைப்பட்டை கொடுக்கப் போகிறவனுக்குத் தட்டு எதற்கு? நான் அதைப் பைக்குள் வைத்ததை ஸ்டோர்க்கார அண்ணன் பார்த்தார்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிறந்தது ராசிங்காபுரம். பதினைந்து வயதுக்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் நாலு மாதம் இருந்ததில்லை. திருப்பூரில் எலாஸ்டிக் தைத்தேன். கோயம்புத்தூரில் குஷன் கடையில் வண்டி சீட்டுக்கு ஃபோம் வெட்டினேன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன், கால் வெடித்ததும் விட்டேன். ஓர் இடத்தில் சிக்கல் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதைத் தப்பாக நினைத்ததில்லை. உடம்பு இருந்தால் வேலை எங்கேயும் கிடைக்கும். ஆனால் அதுவரை நான் விட்டுவந்ததெல்லாம் என் சிக்கல். இந்தத் தடவை சிக்கலை அந்த அண்ணன் தலையில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் என்பது சாமான் வைக்கிற அறை இல்லை. பறித்துவந்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். அதில் காயைப் பரப்பிக் கதவைச் சாத்தினால் ஒரு பகலும் ஒரு இரவும் சூட்டில் கிடந்து பச்சை மாறாமல் காயும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் வெளுக்கும். இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்பவரைத்தான் ஸ்டோர்க்காரர் என்பார்கள். அண்ணன் முப்பது வருஷமாக அந்த வேலையில் இருந்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவருக்கு ஒரு வீடு. ஸ்டோர் வேலை இருக்கிறவரை அந்த வீடு. அவர் மனைவி காய் பறிக்கப் போவார். மகள் போடியில் விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தாள். நான் அந்த அடுப்புக்கு விறகு கீறிப் போடுகிற ஆள். போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த மகள் லீவுக்கு வந்தபோதுதான் கைப்பட்டை விஷயம் ஆரம்பித்தது. மதுரையில் ஏதோ ஒரு காலேஜில் வேஷப் போட்டி. கார்ட்டூனிலும் வீடியோ கேமிலும் வருகிற ஆட்களைப் போலத் தாங்களே உடுப்பு செய்து போட்டுக்கொண்டு வர வேண்டும். அவள் யாரையும் பார்த்து வரையவில்லை. தானாகவே ஒருத்தியை நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். ஏலமலைக் காவல்காரி. தலையில் இலை இலையாக ஒரு கிரீடம், இடுப்பில் அகலமான பட்டை, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை கைப்பட்டை. மற்றதெல்லாம் முடித்துவிட்டாள். கைப்பட்டை மட்டும் வளைந்து உட்கார மாட்டேன் என்றது.

"ஃபோம் வெட்டத் தெரியும்னு அப்பா சொன்னாரு. செஞ்சு தருவீங்களா அண்ணே?" என்றாள்.

அண்ணன் அடுப்பு வாயில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "சாமியாடுறதும் இல்ல, நேர்த்திக்கடனும் இல்ல. வேஷத்தப் போட்டுக்கிட்டு நின்னு போட்டோ எடுப்பாங்களாம். அதுக்கு இவ ரெண்டு மாசமா தூங்கல," என்றார்.

"நீங்க பரிசு வாங்குனதே இல்லையில்ல, அதான் உங்களுக்குத் தெரியாது."

"நான் ஏன் வாங்கல? ஒங்க ஆத்தாள வாங்கல?"

அவள் தன் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் நாடாவை இறுக்கமாக ஒட்டி, நீளவாக்கில் கத்தரித்து எடுத்துக் கொடுத்தாள். விரித்தால் அவள் கையின் அளவு அச்சாகக் கிடைத்தது. குஷன் கடையில் எனக்கு யாரும் சொல்லித் தராத வித்தை அது. தரையில் விரிக்கிற ஃபோம் பாய் ஒன்றையும், பச்சை வெல்வெட் துணியையும், ஒரு டப்பா மஞ்சள் பசையையும் வைத்துவிட்டுப் போனாள். செருப்புக் கடையில் அடிப்பாகம் ஒட்டுவார்களே, அந்தப் பசை. உள்பக்கத்துக்கு என்னிடம் கிழிந்த குடைத்துணி இருந்தது.

ஃபோம் வெட்டுவது சுலபம். கத்தியைத் தீட்டித் தீட்டி ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், அறுக்கக் கூடாது. வெட்டிய துண்டை அடுப்பு வாயில் எட்டப் பிடித்துக் காட்டினேன். சூடு பட்டதும் துவண்டு மேல்பரப்பு மினுங்கியது. உடனே ஒரு உருண்டை விறகில் சுற்றி, ஆறும்வரை பிடித்துக்கொண்டேன். விட்ட பிறகும் வளைந்தே நின்றது. மிச்ச ஃபோமில் ஏலக்காய் வடிவத்தில் சின்னச் சின்னத் துண்டு வெட்டி மேலே வரிசையாக வைத்தேன். துணியைப் போர்த்தினால் அந்தக் காய்கள் புடைத்துத் தெரியும். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒட்டுவதில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவி, காற்றில் ஆறவிட்டு, தொட்டால் விரலில் வராத பக்குவத்தில் அழுத்த வேண்டும். மலையில் அது காய் எடுப்புக் காலம். மழை விட்டால் மஞ்சு என்கிற மூடுபனி, அது விட்டால் மழை. தடவிய பசை காயாமல் வெள்ளை பூத்தது. அழுத்தினால் வழுக்கியது. இரண்டு நாள் சுரண்டிச் சுரண்டி மறுபடி தடவினேன். போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. மலையிலேயே ஈரமில்லாத ஒரே இடம் எங்கள் ஸ்டோர் அறை.

"அண்ணே, மேல் தட்டு ரெண்டும் காலியாத்தான கெடக்கு? இத அங்கன வச்சுக்கிறவா?"

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தீப்புடிக்குமா?"

"புடிக்காதுண்ணே. குழாய் கீழ, இது மேல."

"அப்ப வையி."

இரண்டு பேரும் பயந்தது நெருப்புக்கு. பசையை வாசலுக்கு வெளியே நின்று தடவினேன், டப்பாவைத் தூரத்தில் வைத்தேன், இரண்டு தடவை கதவைத் திறந்து குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன், பசை ஆறியதும் எடுத்து அழுத்தி ஒட்டித் திரும்ப உள்ளே வைத்தேன். வாசத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே வரவில்லை. ஏலக்காய்க்கு விலையே அதன் வாசம்தான், அந்த அறையைச் சாத்துவதே வாசம் வெளியே போகாமல் இருக்கத்தான் என்று தெரிந்த இரண்டு பேர்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தோம். காய் அருமையாக வந்திருந்தது. பச்சைப் பசேலென்று, கையில் எடுத்தால் கலகலவென்று. கைப்பட்டையும் கல்லாக ஒட்டியிருந்தது. அறைக்குள்ளிருந்து வந்த காற்று பஞ்சர் கடைக் காற்று.

அண்ணன் உள்ளே போய்த் தட்டை இழுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சாதாரணமாகத்தான் இருந்தார்.

"அண்ணே, வாசம் வருதா?"

"என்ன வாசம்?"

"பசை வாசம்."

ஒரு காயை உடைத்து மோந்து பார்த்தார். "எனக்கு எங்க தெரியுது? முப்பது வருஷமா இந்தச் சூட்டுல நிக்கிறேன். ஒங்க அக்கா மீன் கொழம்பு வச்சாலும் எனக்கு ஏலக்காதான். நீ பாரு."

நான் உடைத்து மோந்தேன். பசை வாசம் அடித்தது. விரலை மோந்தேன், அதிலும் அடித்தது. சட்டையிலும், தலைமுடியிலும், குடித்த தண்ணீரிலும் அடித்தது. மூன்று நாளாக அந்த டப்பாவோடு கிடந்தவன் மூக்கு. காயில் இருக்கிறதா என் மூக்கில் இருக்கிறதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் மூக்கும் உதவாது, என் மூக்கும் உதவாது. அண்ணன் வீட்டு அக்காவும் மற்றவர்களும் ஏலக்காட்டில் தூரத்தில் பறித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் அதுவே ஊருக்குச் சொன்ன மாதிரி.

அண்ணன் காயைச் சூட்டோடு கம்பிவலையில் தேய்த்துக் காம்பு நீக்கினார். நான் அள்ளிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் சாக்கு கொண்டுவந்து மூட்டை போடுவார். மூட்டை போகும், ஏலம் விடுகிற இடத்தில் வாங்குகிறவன் பிரித்து மோந்து பார்ப்பான், பிறகு எந்தத் தோட்டம், எந்த ஸ்டோர், யார் கை என்று திரும்பி வரும். பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்தப் 'போகலாம்' என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் அண்ணன்தான் சொன்னார். "நீ இதப் பாப்பாட்ட கொண்டுபோயிக் குடுத்துட்டு வா. இங்க நான் பாத்துக்கிறேன்."

நான் தட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

கிளம்பும்போது ஆறு காயை எடுத்துக்கொண்டேன். கீழே யாராவது நல்ல மூக்குள்ளவர்களிடம் காட்ட வேண்டும். ஆனால் தோட்டத்தில் ஒரு காய் மடியில் இருந்தாலும் திருட்டு. அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் கைப்பட்டையின் உள்துணித் தையலை இரண்டு விரல் அளவு பிரித்து, ஆறையும் உள்ளே தள்ளி, திரும்பத் தைத்தேன். அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் அத்தனை வளைவும் இறங்கினேன்.

மலையடிவாரத்தில், முந்தல் என்ற இடத்தில் செக்போஸ்ட். நடந்து வருகிறவனைப் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குப் பார்த்தார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

"பையில என்ன?"

"துணிமணி சார்."

காவலர் கையை விட்டுக் கைப்பட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னய்யா, கை ஒடிஞ்சவனுக்கு மாட்டுறதா?"

"வேஷத்துக்கு சார். காலேஜ் பிள்ளைக்கு."

"என்ன வேஷம்?"

"மலைக்குக் காவல்காரி சார்."

"அப்ப நம்ம எதுக்குய்யா இங்கன உக்காந்திருக்கோம்," என்று உள்ளே இருந்தவரிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து பார்த்தார். முதல் ஆள் கைப்பட்டையைத் தன் கையில் மாட்டி இறுக்கினார். அவர் கை தடி. ஒட்டுப்பட்டை எட்டவில்லை. அழுத்தினார்.

"உள்ள என்னமோ நெருடுது."

"ஃபோம் மடிப்பு சார்."

"வேலை சுத்தமில்ல. பிள்ளைக்குக் குத்தப் போகுது. பிரிச்சுச் சரியாத் தச்சுக் குடு."

"சரி சார்."

கழற்றிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைக்கும்போது ஒன்று கீழே விழுந்தது. எடுத்துத் தட்டிக் கொடுத்ததும் அவர்தான். நான் நடந்தேன். ஓடக் கூடாது என்று ஒவ்வொரு அடியிலும் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

முந்தலில் டவுன் பஸ் பிடித்துப் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஐந்தரை இருக்கும். ஒரு கடைக்காரர் போனை வாங்கி, அண்ணன் மகள் தந்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை விடுதியிலிருந்து வந்தாள். ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கைப்பட்டையை வாங்கி, அங்கேயே நின்று இரண்டு கையிலும் மாட்டினாள். கையை மடக்கினாள், நீட்டினாள், சுழற்றினாள். துணிக்கடியில் ஏலக்காய்கள் வரிசையாகப் புடைத்துத் தெரிந்தன. பூ விற்கிற அம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கடையில வாங்குனாகூட இப்பிடி ஒக்காராதுண்ணே," என்றாள். பிறகு மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். "பசைதான் தூக்குது. மழையில எப்பிடி ஒட்டுச்சு? எங்க காய வச்சீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. நாலைந்து பொய் வாய்க்கு வந்தது. ஆனால் கேட்பது அவர் மகள்.

"ஸ்டோர்லதான் தாயி."

கையைக் கீழே இறக்கினாள். "உள்ள காய் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தன தட்டு?"

"மேல ரெண்டு தட்டு தவிர எல்லாத்துலயும்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அவருக்கு ஒண்ணும் தெரியலன்னாரு."

"அவருக்கு எப்பிடித் தெரியும்? அவருக்குத்தான் மூக்கே செத்துப்போச்சே."

நான் அவள் கையிலிருந்த கைப்பட்டையின் தையலைப் பிரித்து ஆறு காயையும் எடுத்துக் கொடுத்தேன். "நீ பாரு தாயி. ஒனக்குத் தெரியும்." ஒரு காயை உடைத்து மோந்தாள். உள்ளே இருந்த கறுப்பு அரிசியை, அதுதான் விதை, பல்லில் வைத்துக் கடித்தாள். முகம் மாறியது. இன்னொரு காய். மறுபடி கடித்தாள். பிறகு அவள் திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இதக் கைப்பட்டைக்குள்ளயா வச்சுக் கொண்டாந்தீங்க?"

"செக்போஸ்ட்ல புடிச்சிருவாங்கன்னு..."

"பசைக்குள்ளயே வச்சுக் கொண்டாந்துட்டு, பசை வாசம் வருதான்னு கேக்குறீங்களே அண்ணே. இப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

பூக்கார அம்மா சிரித்தார். இவளும் சிரிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாளைக்கு மூட்டை போடுறாங்களா?"

"காலைல சாக்கு வருதுன்னாங்க."

"சாக்குக்குள்ள பிளாஸ்டிக் பை போட்டு வாயக் கட்டுவாங்க. கட்டிட்டா முடிஞ்சுச்சு. அந்த நாத்தம் உள்ளயே கெடந்து ஊறிரும். கட்டுறதுக்கு முன்னாடி சொன்னா, தரையில பரப்பி ஆத்தலாம். போனாலும் போகும். யாரு சொல்றது? அப்பாவுக்கு டவர் கெடையாது. சூப்பர்வைசர் நம்பர் எங்கிட்ட இல்ல." பேசிக்கொண்டே கைப்பட்டையைக் கழற்றினாள். அதை என் பையில் போடப் போனவள் உள்ளே பார்த்தாள். "தட்ட எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

நான் பையின் வாயை மூடப் போனேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை. குரல் இன்னும் இறங்கியது.

"எங்கப்பாவ அங்கன விட்டுட்டு வந்துட்டீங்க."

"இல்ல தாயி..."

"எனக்கு நாளைக்கு ஆறு மணிக்கு மதுரை பஸ்சு. நான் அதுல போகல. அஞ்சு மணிக்கு லேபர் ஜீப்புல மேல போறேன்."

இரண்டு மாதம் தூங்காமல் தைத்த பிள்ளை. கிரீடத்தை ஒரு அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருப்பதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு மேலே போகப் பயம். சூப்பர்வைசர் கை நீட்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போலீஸ் என்பார். எட்டாங்கிளாஸ் படித்தவன் சொன்னால் யார் கேட்பார்கள். ஆனால் இவள் அந்த ஜீப்பில் ஏறி உட்காருவதை நினைத்தால் அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் போறேன்," என்றேன்.

"போவீங்களா?"

"போறேன் தாயி."

பையிலிருந்து தட்டை எடுத்து, கைப்பட்டையோடு சேர்த்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். ஜீப்புல ஏறிட்டு டிரைவர் போன்ல கூப்புடுங்க. அஞ்சு மணிக்குள்ள கூப்புடலன்னா நான் ஏறிருவேன்."

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தேன். தேனி, கம்பம் என்று கூப்பிடுகிற கண்டக்டர் குரல் கேட்கும்போதெல்லாம் கால் எழுந்துகொள்ளப் பார்த்தது. கம்பம் போனால் திராட்சைத் தோட்டத்தில் ஆள் எடுப்பார்கள் என்று தெரியும். இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நின்றன. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். நான் டிரைவரிடம் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டு, "ஏறிட்டேன்," என்றேன். அவள், "டிரைவர்ட்ட குடுங்க," என்றாள். அவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வைத்தாள்.

பின்னால் கால் வைக்க இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அக்கா மூக்கைச் சுளித்தார். "என்ன அப்பு, பஞ்சர் கடையிலயா படுத்துக் கெடந்த? இந்த நாத்தம் நாறுற."

"தள்ளி உக்காருடி, ஒனக்கும் ஒட்டிக்கிரும்," என்றார் இன்னொரு அக்கா.

"எங்க தள்ள? மடியில உக்கார வச்சுக்கிறவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ராத்திரி போன பிறகும் என் சட்டையில் இவ்வளவு இருக்கிறது என்றால் அந்த அறையில்? ஒவ்வொரு வளைவுக்கும் குளிர் கூடியது. மெட்டு தாண்டி ஜீப்பு நின்றதும் இறங்கி, தோட்டத்துப் பாதையில் அரை மணி நேரம் ஏறினேன். சாக்கு ஏற்றிய வண்டி எனக்கு முன்னால் போன சக்கரத் தடம் சேற்றில் புதுசாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஓடினேன்.

ஸ்டோர் கதவு திறந்திருந்தது. அண்ணன் வெளியே விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவி இல்லை. சாவி சூப்பர்வைசர் கையில் இருந்தது. சாக்குகள் பிரிக்காமல் கட்டாகக் கிடந்தன.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற ஆள். "எந்தா, நீ போயில்லே?"

மூச்சு வாங்கியது. "சார், பசை நான்தான் வச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. வேஷத்துக்கு ஒரு சாமான் செஞ்சேன், அதக் காய வைக்க நான்தான்..."

அவர் அண்ணனைப் பார்த்தார். "நீ என்ன பறஞ்சே? நான்தான் வச்சேன்னு. இப்ப இவன் வந்து நான்தான் வச்சேன்னு. இதுல எது நேரு, எது பொய்?"

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார். "சாவி எங்கிட்டதான சார் இருந்துச்சு. யாரு வச்சாலும் நான் வச்ச மாதிரிதான்."

நான் வருவதற்கு முன்பே, யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் மூட்டை போட வந்த சூப்பர்வைசரைக் கதவில் நிறுத்தி, 'சார், கட்டுறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க, எனக்கு வாசம் தெரியாது' என்று சொன்னாராம். பிறகு அண்ணன் வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பது வருஷ ஸ்டோர்க்காரர் தன் மூக்கு செத்ததைத் தன் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். அந்த வேலைக்கு அது எப்படிப்பட்ட சொல் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும்.

சூப்பர்வைசர் உள்ளே போனார். நானும் வாசல்வரை போனேன். குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு காயை எடுத்து உடைத்தார். மோக்கவில்லை. அரிசியை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்றார். வெளியே வந்து துப்பினார்.

"உண்டு," என்றார்.

அவர் கை நீட்டவில்லை. அது நடந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சாவியைக் கையில் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"முற்றத்துல போட முடியாது. வெயில் பட்டா பச்சை போகும். உள்ளயே தரையில பரப்பு. எல்லா சன்னலும் தொற. மஞ்சு வந்தா அப்பவே சாத்தணும், காய் ஈரம் குடிச்சா பின்னே அது வேற கேஸ். மஞ்சு போனா தொற. கிண்டிக்கிட்டே இரு. மணிக்கு ஒருக்க நான் ஆள் அனுப்பிக் கடிச்சுப் பாக்கச் சொல்லுவேன். முதலாளி நாளைக்கு வர்றாரு. அதுக்குள்ள தேறுச்சுன்னா சாவி இவங்கிட்ட. தேறலன்னா ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல எறங்குங்க. வீட்டையும் காலி பண்ணணும்."

"சரி சார்," என்றேன்.

"நீ முதல்ல போய்க் குளி. அந்தச் சட்டையத் தூர எறி. இந்த நாத்தத்தோட காய்கிட்ட வராதே."

ஓடைத் தண்ணீரில் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. மாற்றுச் சட்டையும் அந்தப் பைக்குள்தான் கிடந்தது, அதுவும் நாறும் என்று அக்கா தன் வீட்டுக்காரர் சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணன் கட்டையில் செய்த தள்ளுபலகையை என்னிடம் நீட்டினார்.

"தூக்கிக் கொட்டாத. காய் உடையும். அடியில குடுத்து மெள்ளப் பொரட்டு. மூலையில இருந்து ஆரம்பி," என்றார்.

"பாப்பா மதுரைக்குப் போயிருச்சுண்ணே."

"மாட்டிப் பாத்தாளா? சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ம்," என்றார். சாவி இல்லாத ஸ்டோருக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

மூலையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரிசை புரட்டி முடிப்பதற்குள் கீழ்ப்பக்கச் சன்னலில் மஞ்சு ஏறியது. பலகையைப் போட்டுவிட்டு ஓடி நாலையும் சாத்தினேன். சாத்தினால் அறைக்குள் வாசம் நிற்குமே என்று பயம். மஞ்சு நகர்ந்ததும் ஓடித் திறந்தேன். திறந்தால் ஈரம் வருமே என்று பயம். மணி ஒன்பது இருக்கும்போது காட்டிலிருந்து ஒரு அக்காவை அனுப்பியிருந்தார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, ஒரு காயை உடைத்துக் கடித்தார். வாசலில் அண்ணன் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு," என்றார் அவர். "லேசா இருக்கு."

நான் பலகையை அடியில் கொடுத்து அடுத்த வரிசையைப் புரட்டினேன்.